உப்பு சரியா இருந்துச்சா?

ஆமாஞ்சாமியின் ஜன்னல் கண்ணாடியை அந்த மரம் தினமும் பகல் ஒரு மணிக்கு மூன்று முறை தட்டும். காற்றடித்தாலும் மூன்று, அடிக்காவிட்டாலும் மூன்று. அவருக்கு இரண்டாவது மாடியில், தபால் பிரிவில் வேலை. யார் எதைச் சொன்னாலும் "சரியா இருக்கு" என்று தலையாட்டுவார். அதனால் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் மிஞ்சியிருந்தது.

மரம் நின்றது அலுவலகத்துக்குப் பின்னாலிருந்த காலி மனையில். பிளாஸ்டிக் பைகளும் கால் உடைந்த நாற்காலிகளும் போய்ச் சேருகிற இடம். இலையைப் பார்த்தால் எலுமிச்சை மாதிரி, காயைப் பார்த்தால் எதைப் போலவும் இல்லை. செடிகொடி படித்த ஒருவரை அழைத்து வந்து காட்டினார்கள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார், மறுபடி கழற்றினார், வீட்டில் வேலை இருக்கிறதென்று போய்விட்டார்.

அது எதிலிருந்து முளைத்தது என்பது ஆமாஞ்சாமிக்கு மட்டும் தெரியும். ஏழு வருஷமாக, மனைவி கட்டிக்கொடுத்த மதியச் சாப்பாட்டை அந்த ஜன்னல் வழியாகக் கவிழ்த்தவர் அவர்தான். பிறகு எதிர்க்கடையில் எண்ணெய் சொட்டச் சொட்ட எதையாவது வாங்கி, ஃபைலைப் பார்த்துக்கொண்டே விழுங்குவார். டப்பாவைப் பளிச்சென்று கழுவி எடுத்துப் போவார். சாயங்காலம் மனைவி கேட்பாள்.

"என்னங்க, உப்பு சரியா இருந்துச்சா?"

"சரியா இருந்துச்சு."

அவள் போய் இரண்டு வருஷம் ஆகிறது. காரியம் முடிந்து அவர் வேலைக்குத் திரும்பிய அன்று மனையில் இரண்டு இலை தெரிந்தது. இப்போது மரம் மாடியை எட்டிவிட்டது. கீழ்க்கிளையில் பழைய வருஷம், மேலே போகப் போகப் புது வருஷம்.

ஜன்னல் வழியாக எட்டிப் பறித்த முதல் காயை வழக்கம்போல மெல்லாமல் விழுங்கினார். பச்சைத் தண்ணீராக இருந்தது. இரண்டாவதைக் கடித்தபோது பல்வலி. வேறு வழியில்லாமல் ஒரு பக்கமாக மெதுவாக மென்றார். இருபதாவது மெல்லலில் நாக்கில் அவரைக்காய் வந்தது, லேசாக அடிப்பிடித்த வாசனையோடு. அடுப்பு பழுதாகிக் கிடந்த வாரத்து அவரைக்காய். அன்று அவர் அதை வாயில் வைக்கவே இல்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றார் பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அம்மா.

"ஒண்ணுமில்ல. அவரைக்காய்."

"அவரைக்காய்க்கா இந்த முழி?" அந்தம்மாவும் ஒன்றைப் பறித்து வாயில் போட்டு, இரண்டே கடியில் உள்ளே தள்ளினார். "ஒரு ருசியும் இல்லையே சார்."

"நல்லா மென்னு பாருங்கம்மா."

"மெல்றதுக்கு எங்க சார் நேரம்? நான் சோறு திங்கறதே லீவு நாள்லதான்."

அன்றிலிருந்து அவர் எதிர்க்கடைப் பக்கம் போகவில்லை. ஒரு மணிக்கு மூன்று தட்டல் கேட்கும். ஒரு காய் பறிப்பார், கண்ணை மூடி மெல்வார். விட்டுப்போன நாட்கள் ஒவ்வொன்றாக வாய்க்குள் திரும்பின.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் வந்து நின்றார். "வேர் வந்து செவுத்தப் பொளந்துருச்சு. திங்கக்கிழமை மரத்த வெட்டிடலாம். ஃபாரத்த நீங்களே நிரப்பிக் குடுத்துடுங்க."

"சரி சார்," என்றது வாய், பழக்கதோஷத்தில். மேனேஜர் போன பிறகுதான் எதற்குத் தலையாட்டினோம் என்று அவருக்கு உறைத்தது.

அன்று ஒரு மணிக்கு மூன்று தட்டலும் கேட்டதும், கைக்கு எட்டிய வரை பறித்து மேசையில் வரிசையாக வைத்தார். மூன்றாவது காயை முப்பது தடவை மென்றும் ஏதோ குறைந்தது. நாற்பது தடவை மென்றார். சோறு இருந்தது, கீரை இருந்தது, உப்பு மட்டும் இல்லை. ஒரு கல் கூட இல்லை.

அவள் போவதற்கு ஒரு வருஷம் முந்தைய அந்தச் சாயங்காலம் நினைவுக்கு வந்தது. அன்றும் அவள் கேட்டாள். அன்றும் சரியா இருந்துச்சு என்றார். அவள் அவரையே சற்று நேரம் பார்த்தாள். டப்பாவை மூடி எடுத்து வைத்தாள். அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. தொல்லை விட்டது என்று அப்போது நினைத்திருந்தார்.

அடுத்த காயை மென்றார். உப்பு அளவாக இருந்தது. அதற்கடுத்ததிலும் அளவாகவே இருந்தது. மண்ணுக்குத்தான் போகிறதென்று தெரிந்தும், மீதி ஒரு வருஷம் முழுக்க அவள் உப்பு பார்த்துத்தான் போட்டிருக்கிறாள்.

"உப்பே இல்ல," என்றார் ஜன்னலைப் பார்த்து. "அன்னிக்கு உப்பே இல்லம்மா. நான் சாப்பிடவே இல்ல. ஒருநாளும் சாப்பிட்டதில்ல."

டைப்பிஸ்ட் அம்மாவின் விரல்கள் நின்றன. வெளியே ஒரு இலை கூட அசையவில்லை. பிறகு கண்ணாடியில் தட்டல் கேட்டது, நான்காவதாக ஒன்று.

ஃபாரத்தை எடுத்தார். 'மரத்தை நட்டவர் யார்?' என்றொரு கட்டம். தானாக முளைத்தது என்று எழுதினால் திங்கட்கிழமை கோடாரி வரும். 'என் மனைவி' என்று எழுதினார். அடுத்த கட்டம், 'நட்டவரின் சம்மதக் கையெழுத்து'. அதைக் காலியாக விட்டார். கையெழுத்தில்லாத ஃபாரத்தை மேலிடம் திருப்பி அனுப்பியது. மேனேஜர் மறுபடி அனுப்பினார், அதுவும் திரும்பியது. தபால் பிரிவில் ஆமாஞ்சாமி இருக்கிற வரை அது போய்க்கொண்டும் வந்துகொண்டும்தான் இருக்கும்.

இப்போது தினமும் ஒரு காய், தினமும் ஒரு பதில். "இன்னிக்குக் கொஞ்சம் தூக்கல்," என்பார். "இன்னிக்கு சரியா இருக்கு," என்பார், மென்று பார்த்த பிறகு.

உச்சிக்கிளையில் ஒற்றைக் காய் தொங்குகிறது. காலையில் டப்பாவை அவர் கையில் கொடுத்துவிட்டு, மதியத்துக்குள் அவள் போய்விட்ட அந்த நாளுடையது. அவர் அதை நிமிர்ந்தும் பார்ப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு நாள் காலையிலும் அந்தக் கிளை ஒரு விரற்கடை கீழே இறங்கியிருக்கிறது.