மேட்ரன் அத்தையின் பச்சை விளக்கு

வீட்டுக்கு ஒரு கணினி வேண்டும் என்று மேடையேறிப் பேசுவதில் நஷ்டஈட்டுப் பிரிவின் தலைவரை மிஞ்ச அந்தக் காப்பீட்டு நிறுவனத்தில் ஆள் கிடையாது. ஆண்டு விழாவில் பேசினார். ஓய்வு பெற்றவர்களின் வழியனுப்பு விழாவில் பேசினார். கை தட்டினார்கள் என்பதற்காக ஓர் இரங்கல் கூட்டத்தில்கூடப் பேசிவிட்டார். "உலகம் பூரா வீட்டுக்கு வீடு வந்தாச்சு. அடுப்பு இல்லாத வீடு இருக்கலாம், கணினி இல்லாத வீடு இருக்கக் கூடாது!" என்று முடிப்பார். அவர் வீட்டில் அப்போது கணினி இல்லை. அடுப்பு இருந்தது, அதன் பக்கம் அவர் போனதில்லை.

நிறுவனம் அவர் பேச்சை நம்பியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. ஊழியர்கள் எல்லாருக்கும் ஆளுக்கொரு கணினி வந்து இறங்கியது. வீட்டு வாசல்களில் அட்டைப்பெட்டிகள் அடுக்கடுக்காக நின்றன. உள்ளே இருந்ததை வெளியே எடுத்துப் போர்வை போர்த்தியவர்கள், பெட்டியையும் தூக்கி எறிய மனமில்லாமல் பீரோ மேல் ஏற்றி வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் முதலில் அண்ணாந்து பெட்டியைப் பார்த்து, "ஓ, நீங்களும் வாங்கியாச்சா" என்பார்கள். அதற்காகத்தானே ஏற்றியது.

பிறகு இயக்குநர் எங்கேயோ வெளியூர் போய்விட்டு வந்தார். போன இடத்தில் ஆபீஸே இல்லாமல் ஆபீஸ் நடக்கிறதாம். வந்த வேகத்தில் கூட்டம் போட்டார். "கட்டடத்தைக் காலி பண்றோம். இனிமே எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பாக்கலாம். நம்ம நஷ்டஈட்டுத் தலைவர் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கற மாதிரி" என்று அவரைக் கைகாட்டினார். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனைப் பார்க்கிற பார்வை.

தலைவருக்குக் கட்டடம் போனதில் வருத்தமில்லை. நாற்காலி போனதுதான் தாங்கவில்லை. அது சுழலும் நாற்காலி. மற்ற மூன்று பிரிவுத் தலைவர்களின் நாற்காலியைவிட முதுகு நாலு விரற்கடை உயரம். அந்த நாலு விரற்கடைக்காக எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் அவர் முதுகை வளைத்திருக்கிறார். அதில் சாய்ந்து, கண்ணை மூடி யோசித்து, கோப்பின் மூலையில் ஒரு சுருக்கொப்பம் போடுவார். அதுதான் வேலை. கீழே இருப்பவர்கள் படிப்பார்கள், இவர் யோசிப்பார். பாதி நேரம் யோசனை குறட்டையாக வெளியே வரும்.

வீட்டில் நிலைமை வேறு. கணினியை வைக்க இடமில்லாமல் மாமியாரின் அறையில் வைத்திருந்தார்கள். மாமியார் பெரிய மருத்துவமனையில் நர்சுகளுக்கெல்லாம் தலைவியாக, மேட்ரனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நடந்து வரும் சத்தம் கேட்டால் நோயாளிகள் முனகலை நிறுத்திவிடுவார்கள் என்று பெயர். கணினி வந்த புதிதில், "இது எதுக்குடி சும்மா கெடக்கு?" என்று போர்வையை விலக்கிப் பார்த்தவர், அதற்குள் ஒரு சீட்டாட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு உட்கார்ந்தவர்தான்.

எழுந்திருக்கச் சொல்ல மருமகனுக்கு வாய் இல்லை. காரணம் பழசு. பெண் பார்க்க வந்த அன்று மேட்ரன் இவருடைய கண் இமையை விரலால் கீழே இழுத்துப் பார்த்து, "ரத்தம் கம்மி" என்று சபையில் சொல்லிவிட்டார். கல்யாணம் நடந்தது, பேச்சு மட்டும் நடக்கவில்லை. இரண்டு பேரும் எதைச் சொன்னாலும் மனைவி வழியாகத்தான்.

"எப்ப எழுந்திரிப்பாங்கன்னு கேளு" என்பார் கூடத்தில் நின்று.

மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். வாயில் குண்டூசிகளோடு நிலைப்படியில் சாய்ந்து, "அம்மா, எப்ப எழுந்திரிப்பேன்னு கேக்கறார்" என்பாள்.

"செவப்பு ராஜா அடியில சிக்கிக் கெடக்கான். அவனை வெளிய எடுத்ததும்னு சொல்லு."

"ராஜா சிக்கிட்டானாம்."

"எனக்குக் காது கேக்குது."

"கேக்குதுல்ல? அப்புறம் என்னை எதுக்கு நடுவுல தபால்காரி ஆக்கறீங்க ரெண்டு பேரும்?"

ஆகவே காலையில் அத்தை குளிக்கப் போகும் நேரமே நஷ்டஈட்டுப் பிரிவின் அலுவல் நேரமாயிற்று. குளியலறைக் கதவு சாத்தியதும் தலைவர் ஓடிப் போய் உட்கார்ந்து, வந்திருக்கும் விண்ணப்பங்களுக்கெல்லாம் 'சரி' பொத்தானை அழுத்துவார். தண்ணீர்ச் சத்தம் நின்றால் எழுந்துவிடுவார். எரிந்த கடைகள், இடிந்த சுவர்கள், உடைந்த கால்கள் எல்லாம் ஒரு வாளித் தண்ணீரில் தீர்ந்தன.

மிச்சப் பொழுதுக்கு அவருக்கு உட்கார இடமில்லை. சாப்பாட்டு மேஜை மனைவியின் வெட்டு மேஜை; அதைச் சுற்றியிருந்த நாற்காலிகளில் துணி இருந்தது, துணியில் குண்டூசி இருந்தது. கட்டிலில் பகலில் உட்கார்ந்தால், "உடம்பு சரியில்லையா?" என்பாள். கூடத்துக்கும் சமையலறைக்கும், சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தார். குளிர்பெட்டியைத் திறந்து, உள்ளே யாராவது கோப்பு நீட்டுவார்கள் என்பதுபோலப் பார்த்துவிட்டு மூடினார். வீட்டுச் செருப்பு ஒரு வாரத்தில் தேய்ந்தது.

பொறுக்க முடியாமல் ஒருநாள் முடிவெட்டிக்கொள்ளக் கிளம்பினார். முந்தின வாரம்தான் வெட்டியிருந்தார். கடைக்குள் நுழைந்ததும் கால் நின்றுவிட்டது. கண்ணாடி முன்னால் அவருடைய நாற்காலி!

"ஏலத்துல எடுத்தேன் சார்" என்றார் முடிதிருத்துபவர். "இது பெரிய தொந்தரவா இருக்கு. உக்கார்ற ஆளெல்லாம் தூங்கிடறான். தலையைப் புடிச்சுக்கவே தனியா ஒரு ஆள் வேணும். யாரு இதுல வேலை பாத்தாங்களோ, மகராசன்!"

தலைவர் அதில் சாய்ந்து கண்ணை மூடினார். வெட்ட முடியாமலும் எழுப்ப மனமில்லாமலும் அந்த மனிதர் கத்தரியோடு சுற்றிச் சுற்றி வந்தார்.

திரும்பி வந்தபோது வீட்டில் அறிவிப்பு காத்திருந்தது. அத்தை சீட்டை ஓரம் தள்ளி, திரையில் வந்ததை அர்த்தம் பார்க்காமல் உரக்கப் படித்து, மகள் வழியாக அனுப்பிவைத்தார். ஒவ்வொரு பிரிவுத் தலைவரின் கணினிக்கும் இனி இயக்குநரின் திரையில் ஒரு விளக்கு உண்டு. கை பட்டுக்கொண்டே இருந்தால் பச்சை. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மஞ்சள். அதிகம் மஞ்சளாகிறவர்கள் மாதக் கடைசியில் வீட்டுக்குப் போகலாம். எல்லாரும் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறார்கள் என்பதை இயக்குநருக்கு யாரும் ஞாபகப்படுத்தவில்லை.

தலைவர் சோற்றைத் தள்ளிவைத்தார். பிரிவும் போய்விட்டால் அவர் யார்? தையற்காரியின் புருஷன். மேட்ரனின் மருமகன். வாசலில் தபால்காரர், "சார் இல்லீங்களா?" என்று கேட்டால், "எந்த சார்?" என்று கேட்கவேண்டி வரும். வாளித் தண்ணீர் நேரம் போக மிச்சப் பகல் முழுக்கத் தன் விளக்கு மஞ்சளாக எரிவதாக நினைத்து நினைத்து அவருக்கே முகம் மஞ்சளடித்தது. தொலைபேசி அடித்தால் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டார்.

ஒருநாள் மனைவி கதவைத் தட்டினாள். "இயக்குநர். லைன்ல இருக்கார்."

கதவை ஒரு சாண் திறந்து வாங்கினார்.

"என்ன சார் இது!" என்று கத்தினார் இயக்குநர். "மத்த மூணு பேரும் பழுத்த மாம்பழம் மாதிரி மஞ்சள். நீங்க விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் பச்சை! சாப்பாட்டு நேரத்துலகூட எந்திரிக்க மாட்டேங்கறீங்க. எப்படி சார் முடியுது?"

"கடமைதான் சார்" என்றது தலைவரின் வாய். மேடைப் பழக்கம், மூளைக்குச் செய்தி போவதற்குள் பேசிவிடும்.

தொலைபேசியை வைத்த பிறகுதான் அறைக்குள்ளிருந்து வந்த சத்தம் காதில் விழுந்தது. டக். டக் டக். ஸ்பேடு ராணி இடம் மாறிக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் காற்று திசை மாறியது. அத்தையின் முதுகுக்குத் தலையணை போயிற்று. முழங்காலுக்குத் தைலம் போயிற்று. கேட்காமல் காபி போயிற்று. டக்டக் கொஞ்சம் நின்றால் கூடத்தில் தலைவரின் மூச்சு நின்றது. "அவங்க என்ன பண்றாங்க பாரு" என்று மனைவியை விரட்டுவார். "மூக்குக் கண்ணாடியைத் துடைக்கறாங்க." "சீக்கிரம் துடைக்கச் சொல்லு!"

"என்னடி" என்று உள்ளே அத்தை மகளிடம் கேட்டது வெளியே கேட்டது. "தேறாதுன்னு டாக்டர் கைவிட்ட பேஷன்ட்டுக்குத்தான் நான் இப்படித் தலையணை வெப்பேன். எனக்கு ஏதாவது வியாதியா? மறைக்காம சொல்லு."

"உனக்கு ஒண்ணும் இல்லம்மா. அவருக்குத்தான் ஏதோ."

"எப்படியோ போகட்டும். எனக்கும் அலுத்துப்போச்சு. பெரியவ வீட்டுக்குப் போயிட்டு வரேன். அங்கயும் கணினி வாங்கிட்டாங்களாம். திரை இதைவிடப் பெருசாம்."

கூடத்தில் தலைவரின் நடை நின்றது. வீட்டுக்கு வீடு கணினி என்று ஊரெல்லாம் கத்தியதற்கு இந்தத் தண்டனையும் பாக்கி இருந்திருக்கிறது. பெட்டி கட்டும் சத்தம் கேட்டது. மனைவியைப் பார்த்தார். "நான் கேக்க மாட்டேன்பா. அம்மா போனா போகட்டும், எனக்கும் தபால் வேலை மிச்சம்" என்று அவள் துணியை வெட்ட ஆரம்பித்தாள்.

தலைவர் அறை வாசலுக்குப் போனார்.

"அத்தை."

வெளியே மனைவி ஒரு குண்டூசியை விழுங்கப் பார்த்துத் தப்பித்தாள்.

மேட்ரன் மெதுவாகத் திரும்பினார். மயக்கம் தெளிந்து பேசத் தொடங்கும் நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "சொல்லுங்க மாப்பிள்ளை. எங்க வலிக்குது?"

தலைவர் சொன்னார். விளக்கு, பச்சை, மஞ்சள், மாதக் கடைசி எல்லாம். கேட்டு முடித்த அத்தை, "அப்ப இத்தனை நாளா அந்தப் பிரிவுக்கு நான்தான் தலைவரா?" என்றார்.

"அப்படின்னு இல்லீங்க அத்தை..."

"வேற எப்படி?"

தலைவர் கொஞ்சம் யோசித்துப் பார்த்தார். "அப்படித்தான்."

"ஏன், நீங்களே உக்காந்து தொட்டுக்கிட்டு இருக்க வேண்டியதுதானே? இந்தாங்க, உக்காருங்க."

உட்கார்ந்தார். மவுஸைப் பிடித்தார். முதுகு பின்னால் சாய்ந்தது. பழக்கதோஷம், கண் மூடியது. யோசனை வந்தது. அத்தை அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "தூங்கிட்டார்" என்று மகளுக்கு அறிவித்தார். "ரத்தம் கம்மி. அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டீங்க?"

பெட்டி அவிழ்ந்தது. "ஒரு உயிரைக் காப்பாத்தணும்னா இருந்துதானே ஆகணும்" என்று அத்தை மறுபடி சீட்டைக் கலைத்தார். நிபந்தனைகள் இருந்தன. காபி சூடாக வேண்டும். டியூட்டி நேரத்தில் கூடத்தில் யாரும் பெருமூச்சு விடக் கூடாது. குளிக்கிற நேரத்தை இஷ்டத்துக்கு நீட்டிக்கொள்வார். அதுவரை மாப்பிள்ளை தூங்காமல் விளக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதக் கடைசி வந்தது. மற்ற மூன்று தலைவர்களும் போனார்கள். இவர் தப்பினார். தப்பியது மட்டுமா, இயக்குநர் தானே அழைத்தார். "நாலு பிரிவும் இனிமே உங்க பொறுப்பு. உங்களை மாதிரி அசராம உழைக்கற ஆள் இருக்கறப்ப எனக்கு எதுக்கு நாலு பேர்? ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனி கணினி, தனித்தனி விளக்கு. அதை மாத்த முடியாது. அதனால மூணையும் உங்க வீட்டுக்கே அனுப்பிட்டேன். நாலும் பச்சையா இருக்கணும், என்ன?"

வாசலில் வண்டி நின்றது.

"நாலா?" என்றாள் மனைவி. "என் வெட்டு மேஜை எங்க போகும்? இந்த மனுஷன் மூச்சு விடவே இங்க இடமில்ல!"

அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தலைவர் கோட்டைக்குள் மாட்டிய சிப்பாய்போல நின்றார். பதவி நாலு மடங்காகிவிட்டது. கை இரண்டுதான், அந்த இரண்டும் தூங்கக்கூடியவை. "அத்தை" என்றார்.

அத்தை ஏற்கெனவே தொலைபேசியை எடுத்திருந்தார். "ஏய், பிரசவ வார்டு! நான்தான். மருமக முகத்தையே பாத்துக்கிட்டு அங்க என்ன பண்றே? கண்ணாடியை எடுத்துக்கிட்டுக் கெளம்பி வா. டியூட்டி இருக்கு. அப்படியே எலும்பு வார்டையும் ஊசிக்காரியையும் கூட்டிட்டு வா."

வந்தார்கள். மூன்று பேரும் ஓய்வு பெற்ற நர்சுகள். மூன்று பேர் வீட்டிலும் கணினி இருந்தது, பேரப்பிள்ளைகள் தொட விடுவதில்லை. குண்டூசிகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு நாற்காலிகளைப் பிடித்தார்கள். தையல் இயந்திரம் குளியலறை வாசலுக்கு நகர்ந்தது, அத்தையின் கணினி அறையிலிருந்து கூடத்துக்கு வந்தது. நாலு மூலையிலும் டக்டக். நாலு விளக்கும் பச்சை. விண்ணப்பங்கள் மலைபோல் குவிய, குளிக்கும் நேரம் போதாமல், ஆட்டத்துக்கு ஆட்டம் நடுவில் அவர்களே 'சரி' போடத் தொடங்கினார்கள். கால் முறிவு என்றால் எலும்பு வார்டு அக்கா மேற்கொண்டு படிப்பதே இல்லை. "பாவம்டி, அந்த வலி கோப்பு எழுதறவனுக்குத் தெரியுமா?" என்று பொத்தானை அழுத்திவிடுவார். கேட்டது கேட்டபடி கிடைத்ததால் வாடிக்கையாளர் புகார் அடியோடு நின்றது. இயக்குநர் பூரித்துப்போய், 'வீட்டில் தனிமையில் உழைப்பது எப்படி' என்று எல்லா ஊழியர்களுக்கும் ஓர் உரை தயாரிக்கச் சொன்னார்.

உரை எழுதத் தலைவருக்கு மேஜை இல்லை. எழுதினாலும் தட்டச்ச ஒரு கணினி காலியில்லை. நாலு பிரிவுக்கும் ஒரே தலைவர் கையில் காபித் தட்டோடு சமையலறைக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகுதான் ஆபத்து. பிரசவ வார்டு அக்காவின் தலை ஒரு பக்கமாகச் சாயும். அவர் பாய்ந்து போய், "அக்கா, மஞ்சளாயிடப் போவுது" என்று காதோரம் கெஞ்சுவார். அதற்குள் ஊசிக்காரம்மாவின் மூலையில் சத்தம் நின்றிருக்கும். அங்கே ஓட்டம். நுனிக்காலில், தட்டு அலுங்காமல், ஒவ்வொரு திரையாக எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து.

அத்தை சீட்டிலிருந்து கண்ணை எடுத்து அந்த நடையைக் கொஞ்ச நேரம் கவனித்தார். எதிர் மூலைக்காரியிடம் திரும்பினார்.

"பாத்தியா, உக்காராமச் சுத்தறார், தூங்கறவங்களை அதட்டாம எழுப்பறார். சின்ன வயசுலேயே என்கிட்ட வந்திருந்தா, வார்டுலயே ஒரு நல்ல வேலைக்கு ஆளாக்கியிருப்பேன்."