அக்கரைக்குப் போன புனிதர்

மருத்துவம் தொழிலல்ல, தவம். ஏழையின் வாசலில் காத்து நிற்பதே மருத்துவனுக்கு மோட்சம். அரசு உதவித்தொகையில் படித்தவர்கள் சார்பில் மணிலாவில் மேடையேறி, மார்பில் கை வைத்து இப்படி முழங்கியவர் டாக்டர் எவரிஸ்தோ லும்பாட். மேடையிலிருந்து இறங்கியதும், எந்த ஊரில் சேவை செய்யப் போகிறாய் என்று கேட்டார்கள். வரைபடத்தில் பெருநிலத்தை ஒட்டினாற்போலத் தெரிந்த பினுகாவ் தீவின் மீது விரலை வைத்தார். வரைபடத்தில் பக்கம்தான்.

டாக்டர் இல்லாத ஊரில் சில வருடங்கள் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பார்த்து முடித்தார் என்று மேயர் கையெழுத்துப் போட்டால்தான் விடுதலை. பினுகாவில் மேயர் ஹெர்மோஹெனஸ் பன்தோலாவைத் தாண்டி எதுவும் நடக்காது. பிறந்த குழந்தையை நிறுக்கும் தராசில் அவர் படம் சிரிக்கும்; செத்தவரைச் சுமக்கும் வண்டியிலும் அதே படம், அதே சிரிப்பு.

தீவில் ஒரே ஒரு ஆம்புலன்ஸ் படகு. கூரை போட்ட படகும் அது ஒன்றுதான். வெயில் பட்டால் ஊர்க் காவல் புனிதர் சான் ரோக்கே சிலையின் முகச்சாயம் உரியும் என்பதால், திருவிழா அன்று தீவைச் சுற்றிக் கடல் பவனி வரும் புனிதருக்கு அதைக் கொடுத்துவிடுவார்கள். நோயாளியின் கட்டிலில் புனிதரை நிறுத்திக் கயிற்றால் கட்டி, ஆக்சிஜன் சிலிண்டருக்குக் காகிதப்பூச் சுற்றுவார்கள். அன்றைக்கு யாரும் நோயில் விழுவதில்லை; ஊர் அவ்வளவு நாகரிகமானது.

அந்த வருடம் டெல்ஃபாவுக்கு அந்த நாகரிகம் போதவில்லை. நிறைமாதம், தலைச்சன் பிள்ளை. தலைவலி தாங்கவில்லை, கண் மங்குகிறது என்று வந்தாள். மருத்துவச்சி தர்சிலா ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு டாக்டரை ஓரமாக அழைத்தாள்.

"இருநூறை நெருங்குது டாக்டர். எந்த நேரமும் வலிப்பு வந்துடும்."

"ஊசி போட்டுடறேன் அக்கா. ஆனா அறுத்துக் குழந்தையை எடுத்தாத்தான் ரெண்டும் பிழைக்கும். அக்கரைக்குப் போயாகணும்."

மீன்பிடி ஓடத்தில் படுக்கவும் முடியாது, ஆக்சிஜனும் கிடையாது. டெல்ஃபாவைத் தூக்குக்கட்டிலில் கிடத்திக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்கள். அங்கே புனிதர் ஏறிவிட்டார். முழுப்பன்றி கனலில் மினுமினுத்துக்கொண்டிருந்தது. கஞ்சி போட்ட பரோங் சட்டையில் மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

"மேயர், படகு வேணும். இவ உயிருக்கு ஆபத்து."

"என்ன டாக்டர் தம்பி, இப்ப வந்து கேக்கறீங்க? ஏறின புனிதர் சுத்தி முடிக்காம தரையத் தொடலாமா? போன தடவை பாதியில இறக்கினதுக்குத்தான் புயல் வந்து பள்ளிக்கூடக் கூரையே பறந்துச்சு."

"கூரை பறந்தது புயலாலயா, உங்க மச்சான் அடிச்ச ஆணியாலயான்னு புனிதருக்குத் தெரியும்" என்றாள் தர்சிலா.

கூட்டம் கைக்குட்டைக்குள் சிரித்தது.

"நீ சும்மா இரு தர்சிலா! ஒரே ஒரு சுத்து. முடிஞ்சதும் படகு உங்களுக்குத்தான்."

"அதுவரைக்கும் இவ தாங்க மாட்டா, மேயர்" என்றார் டாக்டர்.

மேயர் டாக்டரின் காதோரம் குனிந்தார். "மாகாணத்துலேர்ந்து பெரிய மனுஷங்க வந்திருக்காங்க, மானத்த வாங்காதே. நீயும் ஒருநாள் ஊருக்குப் போகணும்ல? கையெழுத்து யார் போடணும்?"

மணிலாவில் முழங்கிய வாக்கியங்களில் ஒன்றுகூட டாக்டரின் உதவிக்கு வரவில்லை. கையெழுத்துதான் கண்முன் வந்தது. கட்டிலில் டெல்ஃபா புரண்டு முனகினாள்.

"புனிதரை யார் இறக்கச் சொன்னது?" என்றார் டாக்டர், திடீரென்று, எல்லோருக்கும் கேட்கும்படி. "அவரும் வரட்டும்."

"எங்கே?"

"அக்கரைக்கு. தரையத் தொடக் கூடாதுன்னுதானே வழக்கம்? தூரமாப் போகக் கூடாதுன்னு இல்லையே. நோயாளிகளுக்குக் காவல்னு கும்பிடறோம். ஆம்புலன்ஸ்லயே ஏத்தி வெச்சிருக்கோம். ஒரு நோயாளியையாவது அவர் கூட்டிட்டுப் போக வேணாமா?"

"அதானே!" என்றாள் மெழுகுவர்த்தி விற்பவள். பசியோடிருந்த பாதிரியார், விவாதம் நீளுமோ என்று பயந்து, அவசரமாகக் கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். அதற்குமேல் மேயர் என்ன செய்வார்? "நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றபடி, போட்டோக்காரனை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக ஏறினார்.

புனிதரை முன்பக்கம் நகர்த்தினார்கள். டெல்ஃபா கட்டிலில் படுத்தாள். தர்சிலா அவள் கையை விடவில்லை. புனிதர் போகும் வழியே போக வேண்டும் என்று மட்டும் சொல்லப்பட்டிருந்த மற்றப் படகுகளும் பின்னாலேயே கிளம்பின: பாண்டு வாத்தியம், பாதிரியார், விருந்தாளிகள், பன்றி. அக்கரை ஆஸ்பத்திரி இதுவரை பார்த்த நோயாளிகளில் ஊரோடு வந்து இறங்கியவள் டெல்ஃபா ஒருத்திதான்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. பெண் குழந்தை. தாய் சாயங்காலம் கண் விழித்து, பன்றிக்கறி மிச்சமிருக்கிறதா என்று கேட்டாள். புனிதர் தரையைத் தொடாமலே திரும்பி, சுற்றையும் முடித்தார். அந்த வருடம் புயல் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, உலகின் முதல் மருத்துவப் பவனியைத் தாமே திட்டமிட்டதாக மேயர் ஒரு மணி நேரம் பேசினார். மகிழ்ச்சியில், நாள் வந்ததும் கையெழுத்து உறுதி என்று மேடையிலேயே வாக்குக் கொடுத்து, "அலைகளை வென்ற மருத்துவர்" என்று டாக்டருக்குப் பட்டமும் சூட்டினார். தர்சிலாவுக்கு இருமல் வந்தது. டாக்டர் தம் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று அக்கரையில் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்தவர்கள், வழி நெடுக வாந்தியெடுத்துப் புனிதரின் காலடியில் சுருண்டு கிடந்த டாக்டரைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போனார்கள்.