ஆட்டுக்குட்டி இழுத்த வயர்

ஆட்டுக்குட்டி வயரைக் கவ்வி இழுப்பதை முத்தம்மாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுப்படியிலிருந்து நாலே எட்டு. கால் எழவில்லை. ஸ்டூல் மேலிருந்த கறுப்புப் பெட்டி சரிந்து, வயர் செருகியிருந்த பக்கமாகச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. சத்தம் கேட்டு ஃபிஜா கொல்லையிலிருந்து ஓடி வந்த பிறகுதான் அவள் 'ஏய்' என்று குட்டியை விரட்டினாள்.

ஃபிஜா வாணியம்பாடிப் பெண். ரோடு வருவதற்கு முன்னால் இந்த மலையில் பெண்கள் எப்படிப் பிள்ளை பெற்றார்கள் என்று ஆராய்ச்சி செய்பவள். மூன்று வருஷமாக ஜவ்வாது மலைக்கு வந்து போகிறாள். வந்தால் முத்தம்மாள் வீட்டில்தான் தங்குவாள். ஐம்பத்தாறு பெண்கள் பேசியதெல்லாம் அந்த உள்ளங்கை அகல ஹார்ட் டிஸ்க் பெட்டிக்குள் இருந்தது. லேப்டாப்பில் இடம் போதவில்லை என்று போன மாதம்தான் அங்கிருந்ததை அழித்திருந்தாள். போன வாரம் முத்தம்மாள் பேசியதும் பெட்டிக்குள்தான் இருந்தது.

அதைப் பேசி முடித்த நாளிலிருந்து முத்தம்மாளுக்குத் தூக்கம் சரியில்லை. இருபத்திரண்டு வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, இந்தப் பெண் கன்னத்தில் கை வைத்துக் கேட்ட விதத்தில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. வலி எடுத்த அன்று, 'ஆம்பள ஆளுங்க சந்தையிலருந்து வரட்டும்' என்று மாமியார் பெரியம்மாள் அரை நாள் நிறுத்தி வைத்தது. பிறகு டோலி கட்டி இறக்கும்போது பாதி வழியில் பெண் குழந்தை பிறந்தது, போளூர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது அடங்கிப்போனது. மாமியாரின் பெயரையும் சொல்லிவிட்டாள். பெரியம்மாளோ பக்கத்து அறையில் கால்வலியோடு படுத்திருக்கிறாள். அவள் காதுக்குப் போனால்?

ஃபிஜா பெட்டியை எடுத்துப் பார்த்தாள். வயர் செருகும் வாய் உள்ளே ஒடிந்து தொங்கியது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் முத்தம்மாளால் தாங்கிக்கொண்டிருக்க முடியும்.

"எங்கண்ணன் வாணியம்பாடில கம்ப்யூட்டர் கடை வச்சிருக்காரு. அங்க எடுத்துட்டுப் போகணும்க்கா."

"எப்டி போவ? ரோட்டுல மரம் வுழுந்து கெடக்குது. ரெண்டு நாளா பஸ்ஸே வரல."

ஃபிஜா அண்ணன் உஸைருக்குப் போன் போட்டு, ஒடிந்த இடத்தைப் படம் எடுத்து அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"கீழ வுழும்போது ஓடிட்டிருந்துச்சா?"

"இல்ல."

"அப்ப பயப்படாத. ஒடைஞ்சது மேல்கூட்டோட வாய்தான். உன்னுது பழைய மாடல். உள்ள டிஸ்க் தனியா இருக்கும். அத வெளிய எடுத்து, பெரிய கம்ப்யூட்டர் எதுலயாவது நேரா மாட்டலாம். ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

வீட்டில் இல்லை. கத்தி வேண்டாம், கை தவறினால் டிஸ்க்கைக் கீறிவிடும் என்றான் உஸைர். முத்தம்மாள் பீரோவிலிருந்து ரேஷன் கார்டை எடுத்து வந்தாள். கட்டை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டு ஃபிஜா அதைப் பெட்டியின் இடுக்கில் நுழைக்கப் போனாள். இரண்டு முறை வழுக்கியது.

"இன்னா பண்ணணும்னு சொல்லு, நான் பண்றேன்" என்றாள் முத்தம்மாள்.

பெட்டியை மடியில் துண்டு விரித்து வைத்துக்கொண்டாள். வருஷம் தவறாமல் மூட்டை மூட்டையாகப் புளி உடைத்த கை அது. கொட்டை நசுங்காமல் மேலோட்டை எங்கே அழுத்த வேண்டும் என்று தெரியும். மூலையில் கார்டைச் செருகி, அவசரமில்லாமல் நகர்த்தினாள். உள்ளிருந்த கொக்கிகள் ஒவ்வொன்றாக டக், டக் என்று விட்டன. பிடி தளர்ந்த இடம் மறுபடி மூடிக்கொள்ளாமல் ஃபிஜா ஒரு ஹேர்பின்னை வைத்தாள். நாலு பக்கமும் சுற்றி வந்ததும் மேல்மூடி கையோடு வந்தது.

உள்ளே வெள்ளிக் காகிதம் ஒட்டிய சின்ன இரும்புச் செங்கல் போல டிஸ்க் இருந்தது. ஓரத்தில் இரண்டு குட்டித் திருகாணி. அவற்றுக்கு நகவெட்டியின் அரம் சரியாக இருந்தது. காகிதத்தை உரித்ததும் டிஸ்க்கின் முனையில் விரலகலப் பச்சைத் தகடு தெரிந்தது. ஒடிந்த வாய் அதில்தான் இருந்தது.

"அத மேல தூக்காதீங்க. நேரா இழுங்க, டிராயர் இழுக்கற மாதிரி" என்றான் உஸைர்.

முத்தம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். தகடு சுத்தமாகக் கழன்று வந்தது.

டிஸ்க்கைத் துண்டில் சுற்றி, டிபன் டப்பாவில் வைத்து, இருவரும் ஜமுனாமரத்தூருக்கு நடந்தார்கள். அங்கே மகளிர் குழு ஆபீசில் கோகிலவாணி கணக்கெழுதும் பழைய கம்ப்யூட்டர் இருந்தது. அதை அணைத்து, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, சிடி போடும் பெட்டிக்குப் போன இரண்டு வயர்களைப் பிடுங்கி டிஸ்க்கில் மாட்டப் போனில் சொன்னான் உஸைர். பட்டனை அழுத்தியதும் டிஸ்க் மெல்ல முனகிக்கொண்டு சுற்றியது. திரையில் ஒன்று, இரண்டு என்று பேசிய பெண்களின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. கோகிலவாணி டீ வாங்கி வருவதாகச் சொல்லி வெளியே போனாள்.

ஃபிஜா முத்தம்மாளின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அதைத்தான் முத்தம்மாளால் பொறுக்க முடியவில்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

"குட்டி வயர இழுக்கறத நான் பாத்துட்டுதான் இருந்தேன், பாப்பா. வெரட்டியிருக்கலாம். நான் பேசனதும் அதோட போவட்டும்னு நெனச்சிட்டேன்."

ஃபிஜாவின் முகம் மாறியது. "மூணு வருஷம்க்கா" என்றாள். "அம்பத்தஞ்சு பேர் பேசுனதும் போயிருக்குமே."

"தெரியும்."

ஃபிஜா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்ளோ பயம் இருந்துச்சுன்னா எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல" என்றாள் கடைசியில். குரலில் கோபம் மிச்சமிருந்தது. "பேசவெச்சுட்டு அப்பறம் நானும் கேக்கல. என் மேலயும் தப்பு இருக்குது. இப்ப சொல்லுங்க, அழிச்சிடறேன். இதோ, உங்க கண்ணு முன்னாலயே."

"மொதல்ல போடு. கேக்கறேன்."

தன் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது முத்தம்மாளுக்கு. டோலியின் கயிறு உரசிய சத்தத்தைப் பற்றிச் சொல்கிறாள், குழந்தையின் தலையில் முடி அடர்த்தியாக இருந்தது என்கிறாள். மாமியாரைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் குரலில் அவள் நினைத்திருந்த அளவு வெறுப்பு இல்லை. 'அவங்களுக்கும் அவ்ளோதான் தெரியும்' என்றுகூட ஓரிடத்தில் சொல்லியிருக்கிறாள். அப்படிச் சொன்னதே அவளுக்கு நினைவில்லை.

முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அழிக்காத. எங்க அத்த இருக்கற வரைக்கும் யாருக்கும் போட்டுக் காட்டாத. எழுதறதுன்னா எங்க ரெண்டு பேர் பேரையும் எழுதாத."

"சரிக்கா."

"ஒண்ணு சொல்லாம வுட்டுட்டேன். பொதைக்கறதுக்கு முன்னாடி அதுக்கு ஒரு பேரு வெச்சேன். எங்க வூட்டுக்காரருக்குக் கூடத் தெரியாது. வெண்ணிலான்னு."

ஃபிஜா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். வரிசையில் 'முத்தம்மாள்' என்றிருந்ததை அழித்துவிட்டு, அந்த இடத்தில் 'வெண்ணிலா' என்று அடித்தாள். முத்தம்மாள் அந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாய்க்குள் கூட்டிப் படித்தாள்.