வலது பக்கத்து மஞ்சள் விளக்கு

அமலநாதனின் காரில் எந்தக் கோளாறும் இல்லை என்று போலீஸில் எழுதிக்கொண்டார்கள். அவனுக்கு வந்த கஷ்டமே அதுதான்.

ரெட்டியார்பாளையத்தில் பழைய அம்பாசிடர் ஒன்றை வாடகைக்கு ஓட்டிப் பிழைத்தவன் அவன். எண்பத்தொன்றாம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு சாயங்காலம், கோரிமேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து காய்ச்சல் குழந்தையும் தாயுமாக ஏற்றிக்கொண்டு விழுப்புரம் சாலையில் வந்தான். தூறல். குழந்தைமேல் சாரல் அடிக்கிறது என்று அந்தப் பெண் சொல்லவும் கண்ணாடியை ஏற்றிவிட்டான். வலது பக்கச் சந்தில் திரும்ப வேண்டும். மற்ற நாளாயிருந்தால் கையையும் வெளியே நீட்டியிருப்பான். அந்தக் காலத்து ஓட்டுநர்களுக்கு விளக்கைவிடக் கையில்தான் நம்பிக்கை. அன்றைக்கு இண்டிகேட்டரை மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினான். பின்னாலிருந்து காரைத் தாண்டப் பார்த்த சைக்கிள் கதவில் மோதியது. மில்லில் வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த பக்கிரி. விடியும்வரைகூட உயிர் தங்கவில்லை.

காரைச் சோதித்தபோது விளக்கு நன்றாக மினுக்கியது. அப்படியானால் இரண்டில் ஒன்று. அமலநாதன் விளக்கைப் போடவே இல்லை. அல்லது, போட்ட விளக்கு கண்ணில் படாத நிலையில் பக்கிரி வந்திருக்கிறான். வக்கீல் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார்.

"குடிச்சிட்டு வந்தான்னு சொல்லிடுவோம். நீ வாயத் தொறக்காம நில்லு, போதும்."

அமலநாதன் தலையாட்டிவிட்டுத்தான் வந்தான். ஆனால் சோறு இறங்கவில்லை, பாவம். சுவிட்சைத் தட்டியது விரலுக்கு நினைவிருந்தது. விளக்கு எரிந்ததா என்பதை யாரிடம் கேட்பது? போலீஸ் காரைத் திருப்பிக் கொடுத்ததிலிருந்து சாயங்காலமானால் அதே வேலைதான். பல்பை மாற்றினான். பியூஸைத் தேய்த்துப் போட்டான். விளக்கை மினுக்க வைக்கிற ஃப்ளாஷர் டப்பாவைப் புதிதாக மாட்டினான். சுவிட்சைத் தட்டிவிட்டு இறங்கி ஓடிப் பின்னால் நின்று பார்ப்பான். மஞ்சள் விளக்கு கண்ணைக் கண்ணைச் சிமிட்டும். ஒரு தடவையாவது தவற வேண்டுமே!

"என்னா டிரைவரே, தெனம் சீரியல் வெளக்கு போடற? எங்க மாரியம்மனுக்கு வாடகைக்கு வுடேன்" என்பான் பக்கத்து வீட்டு வடிவேல். சொன்ன பிறகு அவனுக்கே ஒரு மாதிரியாகி உள்ளே போய்விடுவான்.

வாய்தாவுக்கு நாலு நாள் இருக்கும்போது வேம்பு வந்தாள். பக்கிரியின் பெண்சாதி. வாசலோடு நின்றாள். அமலநாதனின் மனைவி ரோசா "உள்ள வாம்மா" என்றதைக் காதில் வாங்கவில்லை.

"எங்க வூட்டுக்காரரு குடிச்சிருந்தாருன்னு கோர்ட்டுல சொல்லப் போறியாமே?"

அமலநாதன் தலைகுனிந்தான். "வக்கீலு சொல்றாரு."

"அவருக்குக் காப்பு கட்டியிருந்துச்சுய்யா. தீ மிதிக்க வேண்டிக்கிட்டு, கையில மஞ்சக் கயித்தோட போன மனுசன். குடிக்கிற ஆளுதான், நான் இல்லங்கல. காப்புக் கட்டிட்டா டீக்கடைத் தண்ணிகூடத் தொடமாட்டாரு. செத்தவர இன்னொருக்கா சாவடிக்காத. நீ வெளக்கப் போடல, அத ஒத்துக்க."

"போட்டேம்மா. மாதா மேல ஆணையா போட்டேன்."

"அப்ப அவருக்குக் கண்ணு அவிஞ்சிருந்துச்சா?"

அவன் சுவிட்சைத் தட்டி அவளைப் பின்னால் கூட்டிப்போய்க் காட்டினான். பொழுது மங்கிய நேரம். விளக்கு பளிச்சென்று மினுக்கியது. அதையே பார்த்துக்கொண்டு நின்ற வேம்பு என்ன நினைத்தாளோ, முன்னால் போய்க் கதவைத் திறந்து அவன் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"இங்கதான குந்தியிருந்த? என்னென்ன பண்ண, சொல்லு. கையி என்னா பண்ணுச்சு, காலு என்னா பண்ணுச்சு?"

பின்னால் நின்றபடியே அவன் சொன்னான். "சுவிட்சத் தட்டினேன். தோ, எரியுது பாரு, இதேதான். அப்புறம் சந்து வந்துச்சு. பிரேக்க லேசா மெதிச்சேன். நடுவுல இருக்கும் பாரு, அது."

அவள் மிதித்தாள்.

மஞ்சள் விளக்கு நின்றுபோனது.

"சுவிட்ச ஏம்மா நிறுத்தின?"

"நான் ஒண்ணத்தையும் தொடல."

"கால எடு."

மினுக்கியது.

"மிதி."

நின்றது. சிவப்பு விளக்கும் அணையப்போகிற அகல்போல மங்கிக் கிடந்தது.

அமலநாதன் டிக்கியைத் திறந்து, குனிந்து உள்ளே தடவினான். கரண்டு திரும்பிப் போக இரண்டு விளக்குக்கும் பொதுவாக ஓர் எர்த் ஒயர். அது தகரத்தோடு முடுக்கியிருந்த இடம் துருப்பிடித்துப் பொருபொருவென்று உதிர்ந்தது. ஒரு விளக்கென்றால் அந்த ஒயர் தாங்கியது. பிரேக் விளக்கும் சேர்ந்தால் முடியவில்லை. பிரேக்கில் கால் வைக்காமல் யார் திரும்புவார்கள்? ஒற்றை ஆளாக அவன் எத்தனை தரம் ஓடி ஓடிப் பார்த்தான்! ஓடிவரும்போது காலும் கூடவே அல்லவா வந்துவிட்டது. சோதித்தவர்களும் நின்ற வண்டியில் சுவிட்சைத் தட்டித்தான் பார்த்தார்கள்.

"நீ போட்டதும் நெசம்," என்றாள் வேம்பு, இருக்கையிலிருந்தபடியே. "அவருக்குத் தெரியாததும் நெசம்."

"ஆமாம்மா."

"தெனம் உன்னத் திட்டிட்டுத்தான்யா சோத்துல கை வச்சேன். இனிமே யாரத் திட்டுவேன்?"

அவள் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவில்லை.

அப்படியே உட்கார்ந்து கேட்டாள். "இத கோர்ட்டுல சொல்லுவியா?"

ரோசா குறுக்கே வந்தாள். "என்னம்மா பேசற நீ? கெட்ட வண்டிய ஓட்டினேன்னு இவரே சொன்னா லைசென்ச புடுங்கிக்குவாங்க. உள்ளகூடப் போடுவாங்க. எங்களுக்கு வேற என்னா இருக்கு?"

"எங்க வூட்டுக்காரருக்கு அவரு பேருகூட இல்லியே" என்றாள் வேம்பு.

அமலநாதன் கை வழக்கம்போல மேல்சட்டைப் பையிலிருந்த உப்புத்தாளை எடுத்தது. நாலு தேய்ப்புத் தேய்த்து ஆணியை முடுக்கினால் போதும். இத்தனை நாள் தேடிய கோளாறு கையெட்டும் இடத்தில் இருந்தது. துருவின்மேல் தாளை வைத்தவன் அப்படியே நிறுத்தினான்.

"ரோசா, இத இப்படியே வுட்டாத்தான் காட்ட முடியும்."

ரோசா அழுதாள். வேம்பு இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் சாலைப் பக்கம் நடந்தாள். தூறல் விழ ஆரம்பித்தது. அமலநாதன் உப்புத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு டிக்கியை மெல்ல மூடினான். அழுகை நிற்காமலே ரோசா உள்ளே போய், ஒரு கோணிப்பையைக் கொண்டுவந்து நனையாதபடி அந்த விளக்கின்மேல் போர்த்தினாள்.