தங்கதுரையின் அரிப்பு

சங்கராபுரத்தில் குழந்தை பார்க்க வருகிறவர்கள் முதலில் அதன் உச்சந்தலையை மோந்து பார்ப்பார்கள். பவுடர் வாசனை வந்தால் நல்ல வளர்ப்பு. வராவிட்டால் தாய்க்காரி சோம்பேறி. எடை, தடுப்பூசி எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கமலாவின் கைக்குழந்தைக்கு அந்தக் குறை இல்லை. கணவனின் அக்கா ராஜாம்பாள், எலவனாசூர்கோட்டையிலிருந்து அத்தை சீராக ஒரு பெட்டி நிறையப் பவுடர் டப்பா கொண்டுவந்து, தானும் கூடவே தங்கிவிட்டாள். இரண்டு வேளையும் அவளே பூசினாள். குழந்தையின் கழுத்து மடிப்பு சிவந்து தடித்தது. பிறகு அக்குள், தொடை. அழுகை ஓயவில்லை.

கமலா ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா டப்பாவைத் திருப்பிப் பார்த்தார். முன்பக்கம் ‘பூ போன்ற மென்மை’ என்று கொட்டை எழுத்து. பின்பக்கம் ‘வாசனைப் பொருள்’ என்று எறும்பு எழுத்து. என்ன பொருள் என்று இல்லை.

“கொழந்தை தோலு மெல்லிசும்மா. வாசனை போட்டது எதுவும் வேணாம். பவுடரே வேணாம், மூச்சுல ஏறும்” என்றார்.

வீட்டில் சொன்னதும் ராஜாம்பாள் சிரித்தாள்.

“நேத்து நாலு பேரு பாத்துட்டுப் போனாளுங்களே, அந்தக் கண்ணுடி இது! டப்பாவுல கொழந்தை படம் போட்டுக்கீது பாரு. கொழந்தைக்கு ஆவாததுல கொழந்தை படம் போடுவானா?”

“எலி மருந்துல எலி படம் போட்டுக்கீறானே அண்ணி.”

“வாய் ஜாஸ்தி ஆயிடுச்சிடி உனக்கு.”

கணவன் தங்கதுரை வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். அக்காவுக்கும் மனைவிக்கும் நடுவே எந்தப் பக்கமும் உரசாமல் ஓட்டத் தெரிந்தவன். “கண்ணாவும் இருக்கலாம், பவுடராவும் இருக்கலாம்” என்றான். மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பவுடரும் தொடர்ந்தது.

கமலா யோசித்தாள். இனி தானே பூசுவதாக நாத்தனாரிடம் சொல்லி டப்பாவை வாங்கிக்கொண்டாள். குழந்தையை வெறும் தண்ணீரில் துடைத்துவிட்டுக் கணவனைக் கூப்பிட்டாள்.

“வர்றவங்களுக்கு வாசனைதான வேணும்? நீங்க பூசிக்கினு புள்ளைய மார்மேல போட்டுக்குங்க.”

தங்கதுரைக்கு வாசனை பிடித்திருந்தது. தாராளமாகவே பூசிக்கொண்டான். குழந்தையின் தடிப்பு மெல்ல அடங்கியது.

“பாத்தியா, மொளகா சுத்துனதும் கண்ணு கழிஞ்சிடுச்சி” என்றாள் ராஜாம்பாள்.

கொஞ்ச நாளில் தங்கதுரைக்கு அரிப்பு எடுத்தது. மலைப்பாதை வளைவில் ஒரு கை ஸ்டியரிங்கில், ஒரு கை கழுத்தில். பின் சீட்டில் இருந்த பயணி சின்னக்கண்ணு கத்தினார்: “யோவ், ஒண்ணு ஓட்டு, இல்ல சொறி! ரெண்டும் சேந்து செய்யாதய்யா, பள்ளம் தெரியுது!”

சேதி வந்ததும் ராஜாம்பாள் பதறிப்போனாள். தம்பியை அன்றே கள்ளக்குறிச்சிக்கு, கிளினிக் வைத்திருந்த தோல் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவன் பவுடர் பூசுவதைச் சொன்னதும் டாக்டர் அதுதான் காரணம் என்றார். திரும்பி வந்து டப்பாவை எடுத்து வீசினாள்.

“பாழாப்போன பவுடரு! ஆம்பள ஒடம்பே தாங்கலியே!”

“கண்ணா இருக்குமோ அண்ணி? மொளகா சுத்தலாமா?”

“சும்மா கெடடி. புள்ளைக்கு அரிச்சா அழுவும், அவ்ளோதான். இவனுக்கு அரிச்சா ஜீப்பு கவுந்துடும்.”

அதோடு பவுடர் நின்றது. ஊருக்குக் கிளம்பும்போது ராஜாம்பாள் மிச்ச டப்பாக்களைக் கேட்டாள். கொழுந்தனார் மகளுக்குப் பிரசவமாகியிருந்ததாம்.

“நம்ம வூட்டுக்குத்தான் ஒத்துக்கல. அதுக்கு இன்னா? சீருக்கு ஆவும்.”

“ஜீப் ஸ்டாண்டுல கேரம் போர்டுக்குக் குடுத்துட்டேன் அண்ணி” என்றாள் கமலா. “அதுக்குத் தோலும் இல்ல, மூச்சும் இல்ல.”