லிஃப்ட்காரரின் மாத்திரை

தங்கை வீட்டுக்கு வந்திருந்த மச்சான் பல் துலக்க அலமாரியில் பேஸ்ட்டைத் தேடியபோது, ஒரு மாத்திரை அட்டை கையில் சிக்கியது. லிஃப்ட் பழுதுபார்க்கும் குழுவுக்கு அவர்தான் மேஸ்திரி. தங்கையைக் கட்டிக்கொடுத்த கையோடு மாப்பிள்ளையையும் அதே குழுவில் சேர்த்துவிட்டவர். அதனால் அந்த வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது.

“யாருக்கு மாப்ள இது?”

நாற்பதை நெருங்கும் மாப்பிள்ளை, திருட்டு பீடியோடு பிடிபட்ட பையனைப் போல் நின்றார்.

“எனக்குத்தான் மச்சான். ஏடிஎச்டின்னு டாக்டர் சொன்னாரு. சின்ன வயசுலேருந்தே இருந்திருக்காம். ஒரு வேலையைத் தொட்டா, முடிக்கறதுக்குள்ள புத்தி இன்னொண்ணுக்குத் தாவிடும். இதைப் போட்டதுலேருந்து எவ்வளவோ பரவாயில்ல.”

“மனநல டாக்டரா?”

“ஆமா.”

“போச்சு! உனக்கிருக்கறது சோம்பேறித்தனம். அதுக்குப் பேரு வெச்சு மாத்திரை வேறயா? வெளிய தெரிஞ்சா ‘மெண்டல்’னு பட்டம் கட்டிடுவானுங்க.”

மாத்திரைகளைப் பிதுக்கிக் கழிவறையில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டார். கதவருகே நின்ற மாப்பிள்ளையின் மனைவி தடுக்க வரவில்லை. கணவர் சாவியைத் தேடிக் கத்தாத, அடுப்பை அணைக்க மறக்காத சில மாதங்களை அவளும் பார்த்தவள்தான். ஆனாலும் அண்ணன் சொன்ன அந்த ஒற்றைச் சொல் அவளைப் பயமுறுத்திவிட்டது. ஊர் வாய்க்குக் கொடுக்கும் மரியாதையில் பாதியை மருத்துவர் வாய்க்குக் கொடுத்தால் போதும். யார் கொடுக்கிறார்கள்?

மாப்பிள்ளை மறுபடி மாத்திரை வாங்கவில்லை. அடுத்த வாரம் ஓர் அலுவலகக் கட்டடத்தில் வேலை. மச்சான் லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறிக் கம்பிவடத்தைச் சோதிக்க வேண்டும். அதற்குமுன் உச்சியிலுள்ள மெஷின் அறையில் மாப்பிள்ளை மெயின் சுவிட்சை அணைத்து, தன் பூட்டை அதில் மாட்டிவிட்டுக் குரல் கொடுக்க வேண்டும். பூட்டு தொங்கும்வரை வேறு யாரும் தவறியும் மின்சாரத்தைப் போட முடியாது.

மாப்பிள்ளை பூட்டைக் கையில் எடுத்தார். பக்கத்துச் சுவிட்ச் பெட்டியில் ஒரு திருகு ஆடிக்கொண்டிருந்தது. அதை முறுக்கிவிடலாமே என்று குனிந்தார். கண் திருகிலிருந்து ஒயருக்குப் போனது, ஒயரிலிருந்து அதன்மேல் படிந்த தூசிக்குப் போனது.

“பூட்டியாச்சா மாப்ள?” என்று கீழேயிருந்து மச்சான் கத்தினார்.

“ஆச்சு மச்சான்!”

அவர் பொய் சொல்லவில்லை. அணைத்துப் பூட்டிவிட்டதாகவே அவர் மனம் நம்பியது. கூரைமேலும் நிறுத்துவதற்கு ஒரு பட்டன் உண்டு. அந்தக் குரலை நம்பி மச்சான் அதை அழுத்தவில்லை.

ஏதோ ஒரு மாடியில் யாரோ லிஃப்டை அழைத்தார்கள்.

மாப்பிள்ளையின் பக்கத்தில் பெரிய சக்கரம் சுழன்றது. உடனே ஓர் அலறல். தன் கையைப் பார்த்தார். பூட்டு அங்கேயே இருந்தது. பாய்ந்து சுவிட்சை அணைத்தார். சக்கரம் நின்றது. அலறலும் நின்றது.

“மச்சான்! மச்சான்!”

மனைவியிடம் என்ன சொல்வேன் என்ற ஒரே நினைப்போடு படியிறங்கி ஓடி, மேல்மாடி லிஃப்ட் கதவைச் சாவி போட்டுத் திறந்தார். மச்சான் பெட்டியின் கூரையில் குப்புறக் கிடந்தார். பெட்டி இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் மேல்தளக் கான்கிரீட்டில் நசுங்கியிருப்பார். உயிர் இருந்தது, குரல்தான் வரவில்லை.

வெளியே இழுத்து உட்கார வைத்ததும் மாப்பிள்ளை உடைந்து அழுதார். “நான் வேலையை விட்டுடறேன் மச்சான். உங்களைக் கொல்லப் பாத்தேனே!”

மூச்சு திரும்பியதும் மச்சான் அவர் கையைப் பிடித்தார்.

“நீ பூட்ட மறந்துட்ட. நான் மறந்தா மருந்தைக் கொட்டினேன்? தெரிஞ்சேதானே கொட்டினேன்! இதுல யாரு பெரிய குத்தவாளி?”

மாப்பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“கிளம்பு, டாக்டர்கிட்ட போவோம். அவரு சரின்னு சொல்ற வரைக்கும் மெஷின் ரூமுக்குத் தனியா போகாத. மருந்து சாப்பிடறதுல ஒரு அசிங்கமும் இல்ல மாப்ள. ஊரு என்ன சொல்லுமோன்னு பயந்து அதை நிறுத்தறதுதான் அசிங்கம். ஊரா வந்து சுவிட்சை அணைக்கப்போகுது?”