நங்கூரத்தின் பங்கு

படகில் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நங்கூரம் என்றால் போதும். நங்கூரத்தை இறக்குவதும் தூக்குவதும் அவன் வேலை என்பது ஒரு காரணம். சாப்பிட உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டான் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதைக் கண்டுபிடித்தவள் அவன் மனைவி. அதே படகில் சமையல் அவள் பொறுப்பு. அவளை மற்றவர்கள் அக்கா என்பார்கள்.

கேப்டன், இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் டீசல், இவர்கள் இருவர் என்று படகில் மொத்தம் நாலு பேர். வசதியான குடும்பங்கள் படகை முழுசாக வாடகைக்கு எடுத்து, சில நாட்கள் தீவு தீவாகச் சுற்றிவிட்டுப் போகும். படகு முதலாளி கொடுக்கும் சம்பளம் வீட்டு வாடகைக்கும் மளிகைக்குமே சரியாகப் போய்விடும். கையில் கொஞ்சம் மிஞ்சுகிறதென்றால் அது விருந்தாளிகள் இறங்கும்போது கொடுக்கிற டிப்ஸால்தான்.

அதற்கும் ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு கேபினிலும் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு அட்டையை மாட்டியிருந்தார்கள். டிப்ஸ் கட்டாயமில்லை, கொடுக்க விரும்பினால் கடைசி நாளில் கேப்டனிடம் கொடுக்கவும், ஊழியர்களிடம் தனித்தனியாகக் கொடுக்க வேண்டாம். கேப்டன் அதைச் சரிசமமாக நாலாகப் பிரிப்பார். சுக்கான் பிடிக்கிறவருக்கும் அதே பங்கு, தளத்தைக் கழுவுகிறவனுக்கும் அதே பங்கு.

"கட்டாயமில்லன்னு போட்டிருக்கறதாலதான் குடுக்கறாங்க. கட்டாயம்னு போட்டுப் பாரு, பேரம் பேச ஆரம்பிச்சிடுவாங்க" என்பான் நங்கூரம்.

அந்த முறை வந்தவர் பேரம் பேசியே பெரிய ஆளானவர். ஜவுளிக்கடை முதலாளி. கல்யாண நாளைக் கொண்டாட மனைவி, மகள், மருமகனோடு வந்திருந்தார். படகில் கால் வைக்கும்போதே, "இன்னொரு தீவு சேத்துக் காட்டினா டீசல் எவ்வளவு கூட ஆகும்?" என்று கேட்டார். தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து இன்ஜின் அறையிலிருந்து டீசல் தலையை நீட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். விஷயம் புரிந்ததும் முதலாளியே வயிறு குலுங்கச் சிரித்தார்.

"இவர் நமக்கு ஒண்ணும் தரப்போறதில்ல" என்று மதியச் சாப்பாடு முடிந்ததும் நங்கூரம் அடுப்படி ஜன்னலில் வந்து முணுமுணுத்தான்.

"அந்தம்மா தருவாங்க. சாப்பிட்ட தட்டை அவங்களே கொண்டுவந்து வெச்சாங்க" என்றாள் அவள்.

"தட்டு வேற, துட்டு வேற."

"போங்க, போய் வேலையைப் பாருங்க."

இரண்டு நாள் நன்றாகவே போயிற்று. நீச்சல் தெரியாத முதலாளிக்கு நங்கூரம் மிதவையைக் கட்டி, கையைப் பிடித்துக்கொண்டு கடலில் இறக்கினான். குழந்தையை முதல்முறை பள்ளிக்கூடத்தில் விடும் தகப்பன்போல, "நான் இங்கயேதான் இருக்கேன் சார், எங்கயும் போகல" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். முதலாளியின் மனைவி மேலிருந்து பார்த்துக் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். இந்த மனுஷன் இவ்வளவு பயந்து அவள் பார்த்ததே இல்லையாம்.

மூன்றாம் நாள் காலை கிளம்பும்போது நங்கூரம் பாறை இடுக்கில் மாட்டிக்கொண்டது. சங்கிலியை எப்படி இழுத்தும் வரவில்லை.

"சங்கிலியைக் கழட்டி ஒரு மிதவையைக் கட்டி விட்டுட்டுப் போயிடலாம். திரும்பி வரும்போது எடுத்துக்கலாம்" என்றார் கேப்டன்.

"எதுக்குங்க? ஒரு முங்கு முங்கிட்டு வந்துடறேன்."

இது அவன் எத்தனையோ தடவை செய்த வேலை. கேப்டனும் சரி என்றார். விருந்தாளிகள் வேடிக்கை பார்க்கக் கைப்பிடியருகே வந்து நின்றார்கள். நங்கூரத்தின் மனைவி உள்ளே ஆம்லெட்டுக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தாள். கைதட்டும் சத்தம் கேட்டது. எடுத்துவிட்டான் என்று தெரிந்துகொண்டாள்.

ஏணியில் ஏறி வந்தவன் தளத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

"தோள் ரெண்டும் பிடிச்ச மாதிரி இருக்கு. சூடா ஒரு டீ குடேன்."

"முதல்ல தலையைத் துவட்டுங்க. உக்காந்தா எந்திரிக்கவே மாட்டீங்களே" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

டீயோடு வந்தபோது அவன் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்திருந்தான். முகத்தில் இரத்தமே இல்லை. கூப்பிட்டாள். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அவளைப் பார்க்கவில்லை. அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடி வந்தார்கள். மருமகன் அவனைப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். அவர் டாக்டர்தான், ஆனால் பல் டாக்டர். அழுத்திக்கொண்டே, "நான் பல் டாக்டர்தாங்க, நான் பல் டாக்டர்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தன்னை நம்பி எல்லோரும் பார்க்கிறார்களே என்று பயந்தாரோ என்னவோ. கை ஓய்ந்தபோது டீசல் அழுத்தினான். பிறகு மறுபடியும் அவரே அழுத்தினார். நடுவில் வியர்வையோடு கண்ணீரும் சேர்ந்து நங்கூரத்தின் மேல் சொட்டியது. நிறுத்துங்கள் என்று யாரும் சொல்லவில்லை. அவரேதான் கடைசியில் நிறுத்தினார்.

பக்கத்துத் துறைமுகம் போய்ச்சேர மதியம் தாண்டிவிட்டது. அந்த நேரம் முழுக்கப் படகில் யார் விருந்தாளி, யார் ஊழியர் என்பதே இல்லாமல் போயிற்று. மகள் அடுப்பை அணைத்து, பாத்திரங்களைக் கழுவி வைத்தாள். முதலாளியின் மனைவி தன் சால்வையை நங்கூரத்தின் மேல் போர்த்திவிட்டு, அவன் கால்மாட்டில் உட்கார்ந்து அந்த ஈரப் பாதங்களைப் பிடித்துக்கொண்டே வந்தாள். படகைக் கரையில் கட்டும்போது ஆள் போதவில்லை. முதலாளி கயிற்றைப் பிடித்தார். பழக்கமில்லாத கை, கயிறு ஓடி உள்ளங்கைத் தோலை உரித்துவிட்டது. விடவில்லை, கட்டி முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி சின்னது. டாக்டர் பார்த்துவிட்டு வெளியே வந்து, எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததைச் சொன்னார். சான்றிதழ் எழுதித் தரும்வரை நடையில் இருந்த இரும்பு நாற்காலியில் அவள் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. அடித்த முட்டை என்ன ஆயிற்று என்று ஒரு யோசனை வந்தது. அதை நினைத்து வெட்கப்பட்டாள்.

விருந்தாளிகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது. ஆனால் அவர்கள் கிளம்பவில்லை. நடையின் கோடியில் முதலாளியும் மனைவியும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சுவர்கள் வெறுமையாக இருந்ததால் எல்லாம் அவள் காதில் விழுந்தது.

"இப்பப் போய் எப்படிக் குடுக்கறது? செத்ததுக்கு விலை வெச்ச மாதிரி ஆயிடாதா?"

"குடுக்காமப் போனா? உங்களைக் கையைப் பிடிச்சுக் கடல்ல எறக்கினாரே அந்த மனுஷன்."

"கேப்டன்கிட்டதான் குடுக்கணும்னு அட்டையில போட்டிருந்துது."

"இப்படி ஆனா என்ன செய்யணும்னு அட்டையில போட்டிருந்துதா?"

முதலாளியின் மனைவி அவர் சட்டைப்பையிலிருந்து டிப்ஸ் கவரை எடுத்துக்கொண்டு நேராக நடந்து வந்தாள். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, கவரை அவள் மடியில் வைத்து, அவள் கையைப் பிடித்து அதன் மேல் அழுத்தினாள்.

"கேப்டன்கிட்ட குடுங்கம்மா. நாங்க தனியா வாங்கக் கூடாது."

சொன்னபிறகுதான் தன் குரலே அவளுக்குக் கேட்டது. ஒவ்வொரு பயணத்தின் கடைசியிலும் சொல்கிற அதே வாக்கியம். முகத்தில் அதே சிரிப்புகூட இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் முதலாளியின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கி அழுதாள். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தவள் இவள்தான்.

"பரவால்லம்மா. நேரமாச்சு, கெளம்புங்க."

கவரை முதலாளி கேப்டனிடம் கொடுத்தார். கட்டுப்போட்ட கைகளால் அதை இரண்டு பக்கமும் பிடித்து நீட்டினார். கேப்டனும் இரண்டு கையாலும் வாங்கினார். வழக்கமாக அவர், உங்களை மறுபடியும் எங்கள் படகில் எதிர்பார்க்கிறோம் என்பார். அன்று "பாத்துப் போங்க சார்" என்று மட்டும் சொன்னார்.

எல்லாம் முடிந்து, சொந்தக்காரர்களும் கலைந்துபோன பிறகு ஒரு மத்தியானம் கேப்டனும் டீசலும் அவள் வீட்டுக்கு வந்தார்கள். மாடியில் ஒற்றை அறை. இரண்டு நாற்காலிதான் இருந்தது. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். படகிலிருந்து வந்த அவன் பை மூலையில் பிரிக்காமல் கிடந்தது. கேப்டன் கவரை மேஜையில் வைத்தார்.

"நாங்க பிரிக்கல. மொத்தமும் உனக்குத்தான். படகு முதலாளி தரவேண்டிய நஷ்டஈடு தனி, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. இது எங்க முடிவு."

"எவ்வளவு இருக்கு?"

"இதுவரைக்கும் யாரும் இவ்வளவு குடுத்ததில்ல."

அவள் டீசலைப் பார்த்தாள். அவன் மனைவிக்கு மாதம் நெருங்கியிருந்தது. நங்கூரம் இருந்தவரை தினமும் அவனை, "என்னடா, குட்டி டீசல் வந்தாச்சா?" என்று கேட்டுக் கேலி செய்வான். டீசல் மேஜையைப் பார்க்காமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பிரிங்க" என்றாள்.

"என்னம்மா சொல்ற?"

"எப்பவும்போல நாலாப் பிரிங்க."

"அக்கா, நான் தொட மாட்டேன். அந்தக் காசை வாங்கி நான் சோறு திங்க முடியுமா?" என்றான் டீசல்.

"ஏன், அதுல என்ன இருக்கு? நீ இன்ஜினை ஓட்டல? அவர் இவர்னு பாக்காம எல்லாரும்தானே ஓடினோம்?" அவள் குரல் உயர்ந்தது. பிறகு தானே தணிந்தது. "கேப்டன், நான் சொல்றதைக் கேளுங்க. நாலுல ஒரு பங்கு குடுத்தீங்கன்னா அது அவர் வேலை செஞ்சதுக்கு. மொத்தமும் குடுத்தீங்கன்னா அது அவர் செத்ததுக்கு. எனக்கு அவர் வேலை செஞ்ச காசு போதும்."

கேப்டன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். பாதியில் கணக்குத் தப்பிப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணிப் பிரித்தார். தன் பங்கை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டபோது அவர் முகத்தை யாரும் பார்க்கவில்லை. டீசல் எடுக்காமல் நின்றான். அவள்தான் எடுத்து அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"புள்ளைக்கு ஏதாவது வாங்கு. மாமா குடுத்ததுன்னு சொல்லு."

அவர்கள் படியிறங்கும் சத்தம் ஓய்ந்ததும் அவள் அந்தப் பையைப் பிரித்தாள். மேலாக ஒரு துண்டு இருந்தது. தலை துவட்டாத துண்டு, காய்ந்து மொடமொடவென்றிருந்தது. அதை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். கீழ்வீட்டுப் பெண் மேலே ஓடி வந்து கதவைத் தட்டும் அளவுக்கு அழுதாள்.

அவன் பங்கைச் செலவழிக்காமல் வைத்திருக்க அவளுக்கு ஆசைதான். ஆனால் வீட்டுக்காரர் ஆசையைக் கேட்டு வாடகை வாங்குகிறவர் இல்லை. அடுத்த மாதமே அது வாடகைக்குப் போயிற்று. நஷ்டஈடு வரும் வரும் என்றார்கள், வந்தபாடில்லை.

காற்று மாறி மறுபடி படகுகள் கிளம்பும் காலம் வந்தபோது கேப்டன் ஆள் அனுப்பினார். அவள் போனாள். வேறு என்ன வேலை அவளுக்குத் தெரியும்? நங்கூரத்துக்குப் பதிலாக நடுவயசுக்காரர் ஒருவர் வந்திருந்தார். அதிகம் பேசாதவர். சங்கிலி உருண்டு இறங்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் அவள் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினாள்.

அந்தப் பயணத்தில் வந்தவர்கள் சுமாராகக் கொடுத்தார்கள். விருந்தாளிகள் இறங்கிப் போனதும் கேப்டன் பிரித்து எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தார். மேடையில் ஒரு கவரை வைத்தார். பேசிக்கொண்டே அதன் மேல் இன்னொன்றையும் வைத்தார். இத்தனை வருஷமாக அப்படித்தான். நங்கூரம் தன் பங்கை ஒருநாளும் கையில் வாங்கியதில்லை, எல்லாம் அவளிடம்தான்.

வைத்தபிறகுதான் கேப்டனுக்கு உறைத்தது. அவரால் அதைத் திரும்ப எடுக்கவும் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அப்படியே நின்றார்.

அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டாள். மேலே இருந்த கவரை எடுத்துக்கொண்டு தளத்துக்குப் போனாள். புதியவர் குனிந்து கயிறு சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே" என்று கூப்பிட்டாள். "இந்தாங்க, உங்க பங்கு."